காலி நிலம் என்று எழுதியவன்

வேட்புமனுவில் முன்மொழிபவரின் கையெழுத்து எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று எங்கள் வட்டாரத்தில் என்னிடம்தான் கேட்பார்கள். கூட்டம் போட யாருக்கு எழுத வேண்டும், வாக்கு எண்ணும் இடத்தில் எந்தப் பாரத்தைக் கேட்டு வாங்காமல் எழுந்து வரக்கூடாது, எல்லாம் தெரியும். முப்பது சொச்சம் வருடம் நில அலுவலகத்தில் இருந்தவன். அரசாங்கம் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து இந்த ஞானம்தான்.

போன சட்டமன்றத் தேர்தலில் நான் ஏஜெண்டாக இருந்த வேட்பாளர், துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பழமைவாதி என்று இளைஞர்கள் கேலி செய்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கோயிலுக்குள் அரைக்கால் சட்டை கூடாது, புதிதாகச் சாராயக் கடை கூடாது, பெரியவர்கள் நிற்கும்போது பிள்ளைகள் உட்காரக்கூடாது. பேசி முடித்ததும் பள்ளிக்கூட மணி அடிக்குமோ என்று தோன்றும். நான் அவரோடு சேர்ந்ததற்குக் கொள்கை காரணமல்ல. அடித்தல் திருத்தல் இல்லாமல் பாரம் நிரப்பும் மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சிரம்பான் பக்கம், கோலா சாவாவைத் தாண்டி உள்ளே ஒரு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். தொழிலாளர் லயங்களில் பாதி காலி. வெளியேறியவர்கள் பக்கத்து ஊரான ரந்தாவில் வாடகை வீடுகளில் இருந்தார்கள், ஆனாலும் நாங்கள் தோட்டத்தில் போட்ட கூட்டத்துக்கு வந்தார்கள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். அதற்குள் தோட்டத்து மயானமும் இருந்தது. மண்வாரி இயந்திரம் மயான மேட்டின் அடிவாரம்வரை வந்து நின்றிருந்தது.

“முன்னோர் படுத்திருக்கிற மண்ண வித்துட்டு நமக்கு என்ன பண்பாடு வேண்டிக் கிடக்கு?” என்றார் வேட்பாளர். “நான் ஜெயிச்சா அத மயான நிலமா அரசிதழ்ல போட வைப்பேன்.”

அவருக்கு அவ்வளவு கைதட்டல் வேறு எங்கும் விழவில்லை. நான் பந்தலின் ஓரத்தில் கூட்ட அனுமதிக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைதட்டவில்லை. அந்த நிலத்தின் கோப்பில் என்ன இருக்கிறது என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருபது வருடங்களுக்கு முன் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் வந்தபோது, இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத அனுப்பப்பட்டவன் நான். மேட்டில் கல் இல்லை, சமாதி இல்லை. அங்கங்கே குரோட்டன் செடிகள், மஞ்சளும் சிவப்புமாக. ஒரு பெண் வாளியிலிருந்து அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மலாயில் ‘தானா கொசோங்’ என்று எழுதினேன்: காலி நிலம், செடிகொடிகள் மட்டும். மேலதிகாரி கையெழுத்திட்டார்.

நான் சிரம்பானில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் யார் இறந்தாலும் எரிப்போம். தோட்டத்தில் சமாதி கட்ட வசதி இல்லாதவர்கள் புதைத்த இடத்தில் தலைமாட்டில் ஒரு குரோட்டனை நடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து, தோட்டத்திலிருந்து வந்த அலுவலகப் பியூன் ஒருவரின் அடக்கத்தில், அவர் மகன் குழியின் தலைமாட்டில் அந்தச் செடியை ஊன்றியபோதுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு குரோட்டன் செடிகளை என்னால் செடிகளாகப் பார்க்க முடிந்ததில்லை. பேங்க் வாசலில், கிளினிக் வேலியோரம், என் வீட்டு எதிரிலேயே, வரிசையாக யாரோ படுத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றியவளுக்கு என் நினைவில் முகமே இல்லை. குனிந்த முதுகும் வாளியும்தான்.

வாக்களிப்புக்கு முந்திய ஞாயிறு பிற்பகல் வேட்பாளர் அந்த மேட்டுக்கே வந்தார். நாற்பது பேர் இருக்கலாம். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, முன்பு செம்பனை உதிரிக்காய் பொறுக்கியவர், ஒரு குரோட்டனுக்கு முன் உடைந்த கூரை ஓட்டுத் துண்டில் சூடத்தை ஏற்றி வைத்தார்.

“பேசுனது போதும்லா வாத்தியாரே. எம்மவ இங்கதான் கெடக்கறா. ஆறு வயசுல காச்சல்ல போனவ. இத இடிக்க விடமாட்டேன்னு சூடத்த அடிச்சுச் சொல்லுங்க.”

“ஓட்டு எண்ணுனப்புறம் சூடம் எங்க, வாத்தியார் எங்க,” என்றார் பின்னாலிருந்த லோரி ஓட்டுநர். “போன தடவ வந்தவன் மைலோ பாக்கெட்டாச்சும் குடுத்தான்.” சிலர் சிரித்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறியிருப்பார்கள். இவர் சாமிக்குப் பயந்தவர். என் பக்கம் சாய்ந்து, “அண்ணே, இது நடக்குமா? எனக்காகத் தலையாட்டாதீங்க. நெருப்புல கை வைக்கப் போறேன்,” என்றார்.

“கஷ்டம். கோப்புல இது காலி நிலம்.”

“யாரு அப்படி எழுதுனது?”

“நான்தான்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைக் கும்பிட்டார். “என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. விசாரிக்காம மேடையில சொல்லிட்டேன். தப்பு என் மேல.” என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் நாங்கள் பேசியது அந்த அம்மாவின் காதில் விழுந்திருந்தது.

“சார், நீங்க வந்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“செடி இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஒருத்தங்க தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க.”

“நானா இருக்கும். இல்லாட்டி எங்கக்காவா இருக்கும். அவளும் போயிட்டா.” குரோட்டனின் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். “கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சார். சொல்லியிருப்பேனே.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

சூடம் எரிந்து தீர்ந்திருந்தது. இன்னொரு கட்டியை எடுத்து வைத்து ஏற்றினார். “அப்ப நீங்க அடிங்க.”

மயானம் காப்பாற்றப்படும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அது என் கையில் இல்லை. பார்த்ததையும் தப்பாக எழுதியதையும் எழுத்தில் கொடுப்பேன் என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன்.

வேட்பாளர் தோற்றார். ஏஜெண்டே கவிழ்த்துவிட்டான் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். அவர் மட்டும் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார். நான் சத்தியப் பிரமாணம் எழுதி, உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்டு, முன்பு வேலை செய்த அலுவலகத்தின் முகப்பிலேயே கொடுத்தேன். பென்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பழைய சகா போனில் சொன்னார். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறு ஆய்வுக்கு ஒரு மலாய் அதிகாரி வந்தார். அந்த அம்மா அவருக்கு முன்னே நடந்து ஒவ்வொரு செடியாகக் காட்டினார். சிலருக்குப் பேர் சொன்னார். சில செடிகளுக்கு முன்னால், “இது யாருன்னு தெரியல. ஆனா ஆளு இருக்கு,” என்றார். நான் மலாயில் சொல்லிக்கொண்டே போனேன். செடி பட்டுப்போன வெற்றிடத்தில் அதிகாரி காலை வைக்கப் போனபோது, அந்த அம்மாவே நேராக மலாயில், “எஞ்சே, ஜாங்கான் பிஜாக்,” மிதிக்காதீர்கள் ஐயா, என்று தடுத்தார்.

அதிகாரி தூக்கிய காலை வைக்க இடம் தேடினார். பின்னால் எடுத்து வைத்தார். அட்டையில் செருகிய தாளில் ஏதோ எழுதினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். “என்ன சார் எழுதறாரு?”

நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. “இருங்க,” என்று சொல்லிவிட்டு, கால் வைக்கும் இடத்தை அவரிடம் கேட்டுக் கேட்டு அதிகாரியை நோக்கி நடந்தேன்.