மேட்டுப் பக்கத்துக் கால்

இரக்கம் மனிதனை எப்படியெல்லாம் கெடுக்கும் என்று பன்னிரண்டு பக்கம் கட்டுரை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, அதே வாரத்தில், எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பதில் முதல் ஆளாக இருந்த பெண்ணை மலையிலிருந்து இறக்கியவன் நான். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

அப்போது நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் தபால் வழியில் எம்.ஏ. படிக்கும் ஆசை பிடித்திருந்தது. பாடத்தில் ஒரு பழைய ஐரோப்பிய நாவல். உடம்புக்கு முடியாத ஒரு பெண்மேல் பரிதாபப்பட்டே, ஒரு இளைஞன் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் கதை. அவன் தவறு செய்யும் இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். நாவல் முடிந்தபோது பென்சிலும் முடிந்திருந்தது.

"ஏனுங்க, புஸ்தகத்தப் படிக்கிறீங்களா, திருத்தறீங்களா?" என்றாள் மனைவி.

நான் சொன்ன பெண், இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கால் வலதைவிட இரண்டு அங்குலம் குட்டை. நான் அவளைப் பார்த்ததெல்லாம் காலையில் ஆபீஸ் முற்றத்தில் பேர் கூப்பிடும்போதுதான். சமதரையில் ஆடி ஆடி நடந்து வருவாள். ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண் கலங்குவேன். இந்தக் காலோடு அந்தச் சரிவில் எப்படித்தான் நிற்கிறாளோ! போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. சரிவு செங்குத்து; எனக்கு மூச்சு வாங்கும்.

மேனேஜருக்கு உருக்கமாக ஒரு குறிப்பு எழுதினேன். தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு லேசான வேலை போடலாம் என்று. மேனேஜர் கையெழுத்துப் போட்டு, "மனிதாபிமானம்யா உனக்கு" என்று தோளைத் தட்டினார். இரண்டு நாள் அந்தத் தோளை உயர்த்தியே நடந்தேன்.

பத்தாம் நாள் அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் எதுக்கும்மா" என்று முந்திக்கொண்டேன்.

"கிளாக்கரய்யா, என் நெரைய எனக்கே திருப்பிக் குடுங்க" என்றாள்.

நிரை என்றால் ஒவ்வொருவருக்கும் பறிக்க ஒதுக்கும் செடி வரிசை.

"உன் காலுக்காகத்தானேம்மா..."

"காலுக்கு மலையில என்னங்கய்யா? கட்டக் கால மேட்டுப் பக்கம் வச்சா நேரா நிப்பேன். எனக்கு எப்பவும் மேடு எடது கைப் பக்கம் வர்ற மாதிரிதான் கங்காணி நெரை போடுவாரு. தோட்டத்துக்கே தெரியும். புள்ளைக்காம்பராவுல தரை மட்டமான சிமிட்டி. நாள் முழுக்க நொண்டி நொண்டி இடுப்பு விட்டுப்போச்சு. மலையில இருந்த வரைக்கும் எவளுக்கும் என் காலு ஞாபகத்துக்கு வரல. இப்ப அங்க இருக்குற வாண்டுங்ககூட என்னய மாதிரி நடந்து காட்டுதுங்க."

மலைப் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா என் நெரை வேற ஆளுக்கு நெலைச்சிரும்" என்றாள். குரல் அங்கேதான் உடைந்தது.

தட்டுவாங்கிய தோளோடு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"போன வாரம் அழுது அழுது எழுதின. இந்த வாரம் அவளுக்குக் கால் வளந்துருச்சா?"

"இல்லீங்க சார். மலை சாஞ்சிருக்கறது எனக்கு இப்பத்தானுங்க தெரிஞ்சுது."

மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வையில் இருந்ததும் இரக்கம்தான். பிறகு கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, சரிவில் ஏறினேன். மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. மற்ற பெண்களெல்லாம் ஒரு பக்கம் வளைந்து நிற்க, அவள் மட்டும் நட்டுவைத்த மாதிரி நேராக நின்று பறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் செடிக்கும் முதுகுக் கூடைக்கும் போய் வருவது கண்ணுக்கே பிடிபடவில்லை. பத்து நாள் விட்டதைப் பிடித்துவிடும் வேகம். நான் ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன்.

டீக்கு உட்கார்ந்தார்கள். மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பதிலாக அந்த நாவலின் கதையை அவளுக்குச் சொன்னேன். இளைஞன், அந்தப் பெண், அவன் சொன்ன ஆறுதல் பொய்கள், எல்லாம் பாழானது வரை. பாதியில் எழுந்து போகாமல் கேட்டாள்.

"எம்புட்டுப் பக்கங்கய்யா?"

"நானூறுக்கு மேல இருக்கும்."

"அந்தத் தம்பி ஒருக்கா அந்தப் புள்ளகிட்டயே என்ன வேணும்னு கேட்டிருந்தா பத்துப் பக்கத்துல முடிஞ்சிருக்குமேங்கய்யா" என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விட்டாள்.