ஏறிக்கினு இருக்குது

இருபது நிமிடம் நெஞ்சை அழுத்திய பிறகும், மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவு பத்தைத் தாண்டாவிட்டால் முயற்சியை நிறுத்தலாம் என்பது விதி. விதிகளைப் படிப்பது என் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு.

வளவனூரில் மயங்கி விழுந்த என் தம்பியை விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சை அழுத்தியவர் பருத்த ஆண் செவிலியர். அந்த அளவைக் காட்டும் திரையை அடிக்கடி தன் பக்கமே திருப்பிக்கொண்டார். உறவினர் பார்க்கக் கூடாதாம்.

"எவ்வளவு காட்டுது?" என்றேன்.

"ஏறிக்கினு இருக்குது சார். கொஞ்சம் அப்பால நில்லுங்க."

அவருக்குப் பின்னால் இருந்த மருந்து அலமாரியின் கண்ணாடியில் திரை தெரிந்தது. எட்டு. கண்ணாடியில் பார்த்தாலும் எட்டு எட்டுதான்.

"இருபது நிமிஷம் தாண்டியாச்சேப்பா" என்றார் டாக்டர்.

"ஏறுது சார்."

டாக்டர் திரையைப் பார்த்தார், செவிலியரைப் பார்த்தார். அழுத்துவது தொடர்ந்தது. சற்றுப் பொறுத்துக் கண்ணாடியில் எட்டு போய், இடவலம் மாறிய ஏதோ இரட்டை இலக்க எண் வந்தது. நாடி திரும்பிவிட்டது என்றார்கள்.

செவிலியர் பொய் சொன்னாரா, எனக்குத் தெரியாததைக் கண்டாரா? மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டேன். 'விதிப்படியே சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு அதை வாங்கியவன் என் தம்பி. அன்று ஆடிப்பெருக்கு.