பச்சை வயர் மேல் போட்ட பழி

போன மாரியில், குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீட்டில் எல்லாரையும் விட எனக்குத்தான் கரண்டுக்குப் பயம். போன் சார்ஜரைக் கழற்றுவதென்றாலும் கையைத் துடைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கழற்றுவேன். அப்படிப்பட்ட நான் பார்த்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன்.

மழை தொடங்கியதும் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. டக்கென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். குக்கரில் சோறு அரைவேக்காட்டில் நிற்கும். கதிரையில் ஏறி நான்தான் அதைத் தூக்கிவிட வேண்டும். இறங்கிக் காலைத் தரையில் வைக்க முதல் மறுபடியும் டக். கணவர் வாவியில் பிடித்து வந்த இறால் பிரிட்ஜுக்குள்ளேயே நாறியது. வயரிங் செய்து தந்தவருக்குப் போன் எடுத்தால், "நாளைக்கு வாறன் தங்கச்சி" என்பார். பதினொரு நாளாக அந்த நாளை வரவில்லை. 

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா, "எங்கயோ ஏர்த் அடிக்குது புள்ள, அதுதான் விழுது."

அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. தண்ணி மோட்டரைத் தொட்டு விரல் சுள்ளென்றால் 'ஏர்த் அடிக்குது' என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. வயரிங் செய்தவர் பிரிட்ஜ் பிளக்கில் பச்சை வயரைக் காட்டி, இதுதான் ஏர்த் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அடிப்பது ஏர்த், பச்சை வயரும் ஏர்த் என்றால், குற்றவாளி அந்தப் பச்சை வயர்தானே? இதற்கு ஒரு ஆள் வந்து பார்க்க வேண்டுமா என்று எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அன்று பகல் மெயினை நிறுத்தினேன். நிறுத்தியது சரிதானா என்று மூன்று தரம் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பிறகு பிரிட்ஜ் பூட்டும் பிளக் பொயின்டைத் திறந்து, பச்சை வயரைக் கழற்றி, நுனிக்கு டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்துவிட்டேன். அதன் பிறகு ட்ரிப் விழவேயில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் எனக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொண்டேன். மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

நாலாம் நாள் காலை கணவர் தோணியால் இறங்கி, ஈரச் சாரத்தோடும் ஈரக் காலோடும் குசினிக்குள் வந்தார். ஒரு கையில் இறால் பை. மறு கையால் பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தார். "அம்மா" என்று ஒரு அலறல், கூடவே டக். ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் சுவரோடு சாய்ந்து கிடக்கிறார், இறால் தரை முழுக்க. கண் மட்டும் என்னைப் பார்த்தது. மெயினை நிறுத்திவிட்டு வயரிங் செய்தவருக்குப் போன் எடுத்தேன்.

பதினொரு நாள் வராதவர் அன்றைக்கு அரை மணித்தியாலத்தில் வந்து நின்றார். பிளக்கைத் திறந்தவர் டேப் சுற்றிய வயரைப் பிடித்துக்கொண்டு, "இத ஆரு கழட்டின?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அழுகையோடு ஏர்த் கதையையும் சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்தார். "அடிச்சது ஏர்த் இல்ல தங்கச்சி, உங்கட பழைய பிரிட்ஜ். உள்ளுக்குள்ள கரண்ட் கசிஞ்சு தகரத்துக்கு வருது. அத மண்ணுக்குள்ள கொண்டு போறதுதான் இந்தப் பச்சை. அப்படிப் போறதக் கண்டுதான் ட்ரிப் விழுந்த. நீங்க அதப் புடுங்கிட்டீங்க, பிறகு தொட்ட இவர்ர உடம்பாலதான் அது மண்ணுக்குப் போச்சு. இந்த ட்ரிப்பும் இல்லாட்டி இவர் இண்டைக்குச் செத்து மையத்து."

"நாளைக்கு வாறன், நாளைக்கு வாறன் எண்டு நீங்களும்தானே சொன்ன?" என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும்விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வயரைப் பூட்டினார்.

கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கணவர் மட்டும் சிரித்தார். "நான் செத்திருந்தா, ஏர்த் அடிச்சுச் செத்தான் எண்டுதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கும். பாவம், அந்த வயருக்குத்தான் கெட்ட பேர்."

பிரிட்ஜைத் திருத்தியாயிற்று. ஆனாலும் மழை நாளில் எப்போதாவது அந்த டக் கேட்கும். எரிச்சல் வரத்தான் செய்கிறது. முணுமுணுத்துக்கொண்டே கதிரையை இழுக்கும்போது, அது விழாமல் இருந்த அந்த மூன்று நாள் நான் எவ்வளவு நன்றாக நித்திரை கொண்டேன் என்பது நினைவுக்கு வரும். முணுமுணுப்பை நிறுத்திவிட்டு ஏறித் தூக்கிவிடுவேன்.