பாரோஸும் போரோஸும்

அந்தத் தந்தியில் மூன்று வரிகள்தான் இருந்தன. "இங்கே பளிங்கு இல்லை. எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. நான் எங்கே வந்திருக்கிறேன்?" மெல்பேர்னில் டிராம் ஓடும் ஒரு தெருவில் இருந்த சிறிய பயண முகவர் நிலையத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதை நின்றபடியே வாசித்தேன். இரண்டாம் தரம் வாசித்தபோது கதிரையில் இருந்துவிட்டேன். அனுப்பியவர் எங்கள் வாடிக்கையாளர், வயதான ஒரு கல்தச்சர். அவருடைய பயணத்தை ஒழுங்கு செய்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். கொழும்பில் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்துச் செய்திருந்ததால் எனக்கும் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். மூன்று இடங்களில் என் உச்சரிப்பு தொலைபேசிக்குச் சரிவராது என்று சொல்லி அனுப்பினார்கள். நான்காவது இடத்தில் இருந்தவர்தான் முதலாளியம்மா. கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவுக்காரி, கைம்பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய உடைந்த ஆங்கிலம் என் காதில் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். "என்ர இங்கிலிசைக் கேட்டே சனம் டிக்கற் வாங்குது. உன்ர இங்கிலிசுக்கு என்ன குறை? நாளைக்கு வா" என்றார். விண்ணப்பத்தை அவர் பார்க்கக்கூட இல்லை.

சுவர் முழுக்கத் தீவுகளின் படங்கள் ஒட்டியிருந்தோம். வெள்ளைச் சுவர்கள், நீலக் கூரைகள், பாதி நிற்கும் தூண்கள். ஜூலை மாத மழையில் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வரும் ஆசிரியைகளும் தாதிமாரும் அந்தப் படங்களுக்கு முன்னால் நெடுநேரம் நிற்பார்கள். கோயில் தூணைக் கையால் தொட விடுவார்களா என்று ஒருத்தி குரலைத் தாழ்த்திக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. முதலாளியம்மாவோ விற்கத் தெரியாதவர் போலப் பேசுவார். "படி கனக்க இருக்கு, முழங்கால் என்ன மாதிரி?" என்பார். "காத்து எழும்பினால் கப்பல் வராது, ரெண்டு நாள் அங்கேயே கிடக்க வேணும்" என்பார். அவர்கள் போன பிறகு என்னிடம் திரும்பி, "தண்ணி இல்லையெண்டு நாங்கள் விட்டுட்டு வந்த கல்லு. அதைப் பார்க்க ஏன் இந்தப் பாடு?" என்று உண்மையாகவே வியப்பார். பழைய சிங்கச் சிலைகள் நிற்கும் டெலோஸ் தீவு அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஒருநாளும் அவர் போய்ப் பார்த்ததில்லை. அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு நக்ஸோஸுக்கும் போனதில்லை. காரணத்தை நான் கேட்டதுமில்லை.

கல்தச்சர் வேறு வகையான பயணி. கடற்கரைப் படங்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நாற்பது வருடம் கல்லறைக் கற்களில் பெயர் வெட்டிய கை அவருடையது. பாரோஸ் தீவின் பளிங்குக்குள் வெளிச்சம் புகும் என்று இளவயதில் எங்கோ வாசித்திருந்தார். பழங்காலச் சிற்பிகள் விளக்கோடு இறங்கிக் கல் எடுத்த சுரங்கம் இன்னும் அங்கே இருக்கிறது. சாவதற்கு முன் அதற்குள் ஒருமுறை நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஆறு நாள் பாரோஸில் தங்க ஒழுங்கு செய்து, ஏதென்ஸில் இருந்த முகவருக்கு நானே டெலெக்ஸ் இயந்திரத்தில் செய்தி அடித்து அனுப்பினேன்.

தந்தியை வைத்துவிட்டு டெலெக்ஸின் பிரதியைத் தேடி எடுத்தேன். பாரோஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் போரோஸ் என்று என் கையே அடித்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். போரோஸ் என்றும் ஒரு தீவு உண்டு, ஏதென்ஸுக்குப் பக்கத்தில், அழகான தீவு. பளிங்குச் சுரங்கம் மட்டும் அங்கே இல்லை. மனிதர் இரண்டு நாளாகச் சுரங்கம் எங்கே என்று அங்கே விசாரித்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இரண்டு தாள்களையும் முதலாளியம்மாவின் மேசையில் வைத்து, "பிழை என்னுடையது" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். ஏதென்ஸ் முகவருக்குச் செய்தி அனுப்பினார். அங்கே விடுமுறைக் காலம், பதில் இல்லை. பின்னேரம் வரை பதிலுக்குக் காத்திருந்தார். கிரேக்கத்தில் விடிந்திருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசியை எடுத்து, இணைப்பகத்திடம் ஒரு துறைமுகத்தின் இலக்கத்தைக் கேட்டார். மறுமுனையில் ஆள் வந்ததும் அவர் எழுந்து நின்றார். பிறகு மெதுவாகக் கிரேக்க மொழியில் பேசினார். எனக்கு விளங்கிய சொற்கள் பாரோஸும் போரோஸும்தான். வைத்துவிட்டு, "என்ர தமையன். கப்பல் கந்தோரிலை வேலை. போய்க் கூட்டிக்கொண்டு போவான்" என்றார். முகம் வெளிறியிருந்தது.

"என்னை வேலையாலை நிப்பாட்டப் போறியளோ?" என்று கேட்டேன்.

"உன்னை நிப்பாட்டினால் புதுசா ஒருத்தி வந்து புதுசாப் பிழை விடுவாள். நீ இனி இந்த எழுத்தை மூண்டு தரம் பார்ப்பாய். வீட்டை போ."

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "நிப்பாட்டேல்லைத்தானே, பிறகேன் அழுகிறாய்?" என்று கணவர் கேட்டார். திட்டியிருந்தால் அழுகை வந்திராது.

ஒரு மாதம் கழித்துக் கல்தச்சர் கடைக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் கையால் தடுத்தார். "பிழை நடந்திராவிட்டால் போரோஸ் எலுமிச்சையை நான் எங்கே தின்றிருக்கப் போகிறேன்" என்று சிரித்தார். முதலாளியம்மாவின் தமையன் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போய், அவரைக் கப்பலில் பாரோஸுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சுரங்கத்துக்குள் ஒரு கல்துண்டின் பின்னால் டோர்ச்சைப் பிடித்தபோது, கல்லுக்குள் வெளிச்சம் பாலைப்போல நிறைந்ததாம். சொல்லும்போது அவர் கை அந்தத் துண்டை இன்னும் ஏந்தியிருப்பதுபோலத்தான் இருந்தது.

பிறகு முதலாளியம்மாவின் பக்கம் திரும்பி ஒரு புகைப்படத்தை நீட்டினார். தமையன் அவரை எதிர்த்த தீவான நக்ஸோஸுக்கும் கூட்டிப்போய்த் தங்கள் குடும்பக் கல்லறையைக் காட்டியிருக்கிறார். கல்லில் தகப்பனின் பெயர் மட்டும் வெட்டியிருந்தது. கீழே வெறும் இடம். "உங்கள் அம்மாவின் பெயரை நான் வெட்டித் தருகிறேன் என்றேன். அவர் விடவில்லை. 'அம்மா இறந்தபோது என் கடிதம் பிந்தித்தான் போனது. அடக்கம் முடிந்த பிறகுதான் தங்கைக்குச் செய்தி தெரியும். அந்தக் கோபத்தில் பதினொரு வருடம் அவள் பேசவில்லை. அவள் வந்து நிற்கட்டும், பிறகு வெட்டுவோம்' என்றார்."

அப்போதுதான் அந்தத் தொலைபேசிக்கு முன்னால் முதலாளியம்மா ஏன் எழுந்து நின்றார் என்று எனக்கு விளங்கியது. தனக்காகப் பதினொரு வருடம் விட்டுக்கொடுக்காத பிடிவாதத்தை, எழுத்துப் பிழை விட்ட ஒரு வேலைக்காரிக்காக ஒரே பின்னேரத்தில் விட்டிருக்கிறார். அவர் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த கிழமை, "எனக்கு ஒரு டிக்கற் போடு" என்றார். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, கடைப் பூட்டின் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். நான்காவது கிழமையில் டெலோஸ் சிங்கங்களின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று வந்தது. "அம்மான்ர பேர் வெட்டியாச்சு. அண்ணன் இங்கே கூட்டிக்கொண்டு வந்தவன். உடைஞ்ச கல்லுகளுக்கு நடுவிலை நிண்டு காரணமில்லாமல் அழுதனான். பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரியும் அழுதாள். சனம் ஏன் வருகுதெண்டு இப்ப தெரியுது. வெயில் பொல்லாதது, தொப்பி இல்லாமல் ஒருத்தரையும் அனுப்பாதே."

இன்று யாரும் டெலெக்ஸ் அடிப்பதில்லை. எந்தத் தீவுக்கும் கைத்தொலைபேசியிலேயே சீட்டு எடுக்கலாம். பிழை விட்டால் இயந்திரம் மன்னிப்பதுமில்லை, திட்டுவதுமில்லை. முதலாளியம்மா இறந்து பல வருடமாகிறது. அவர் கிரேக்கத்திலிருந்து திரும்பிய நாளில் விமான நிலையத்தில் நின்று, அதுவரை சொல்லாமல் வைத்திருந்த நன்றியைச் சொன்னேன். வெயிலில் கறுத்திருந்தார். பெட்டியை என் கையில் தந்து, "நன்றி நான்தான் சொல்ல வேணும், உன்ர பிழைக்கு" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஆனால் இன்னொரு தரம் விட்டால் வேலையாலை கலைச்சுப்போடுவன்."