எட்டு முடிச்சு நூல்

அத்தையின் வலது தாடை வீங்கியபோது எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. பொன்னுக்கு வீங்கிதான் என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டார்கள். வைத்தியமும் ஊரறிந்தது: கழுத்தில் தங்கம் போட்டால் வற்றிவிடும். அம்மா தன் ஒரு பவுன் சங்கிலியைப் போட்டுவிட்டாள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். வீக்கம் அசையவில்லை. பெரியம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஒரு பவுனு காணாது. கல்யாணச் சங்கிலியையே எடுத்துப் போடுங்க."

தை மாதம் அத்தைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை புளியங்குடி. அதற்கென்று செய்து வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலி முன்கூட்டியே கழுத்தேறியது. அத்தைக்கு அதில் சந்தோஷம்தான்.

எனக்கு எட்டு வயது. எதையாவது அளக்காவிட்டால் சோறு இறங்காத பிள்ளை. அப்பாவின் தறியிலிருந்து நூல் எடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் அத்தை எண்ணெய் தேய்க்க உட்காரும்போது, காது மடலிலிருந்து நாடி வரை வைத்து ஒரு முடிச்சுப் போடுவேன். ஒவ்வொரு முடிச்சும் முந்தியதைத் தாண்டியே விழுந்தது. தங்கத்துக்கும் அடங்காத வீக்கம் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஏட்டி, இன்னைக்கு எம்புட்டு?" என்று அத்தையே சிரித்துக்கொண்டு கேட்பாள்.

கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். அப்பா முந்திக்கொண்டு, "ஒரு பத்து நாளாத்தான் இருக்கும் ஐயா" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. எனக்குப் பொய் பொறுக்கவில்லை. நூலை மேசைமேல் வைத்து, "எட்டு வெள்ளிக்கிழமை" என்றேன். அப்பா என்னை முறைத்தார்.

டாக்டர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு அத்தையின் தாடையை அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் வந்ததா, வலி உண்டா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்று அத்தை சொல்லும்போது அப்பாவின் முகம் தெளிந்தது. டாக்டரின் முகம் தெளியவில்லை.

"பொன்னுக்கு வீங்கின்னா எப்பவோ வத்தியிருக்கும். இது எலும்புக்குள்ள இருந்து வளருது. திருநெல்வேலில படம் எடுத்துப் பாக்கணும். தாடையை வெட்ட வேண்டி வந்தாலும் வரும். இன்னும் விட்டா உயிருக்கு ஆகாது."

அந்த நூலால்தான் அத்தை பிழைத்தாள் என்று பிற்காலத்தில் அப்பாவே சொல்லியிருக்கிறார்.

குதிரை வண்டியில் திரும்பினோம். பாதி வழியில் அத்தை சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "நீயே போட்டுக்க மக்கா" என்றாள். ஒழுங்காக அளந்ததற்குப் பரிசு என்று நினைத்தேன். கடைத்தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குக் குறித்த தை மாதம் வந்தபோதும் அத்தை ஏன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.