பெண்ணையாற்றோடு போன தலை தீபாவளி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் இரண்டு மாதமாக வியர்த்துக்கொண்டிருந்தது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு. அப்புறம் அது வளர்ந்து, காது வைத்து, வால் வைத்து, யானை மாதிரி ஆனது. வேங்கிக்காலில் வீட்டுக்கு வீடு தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறார்கள், நமக்கு மட்டும் சுவரிலேயே சுனை என்று சொல்லி நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. போன வாரம் கொத்தனார் வந்து உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினார். பூச்சு பெயர்ந்து விழுந்தது. குப்பென்று ஈர மணல் வாசனை. உதிர்ந்ததில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கிளிஞ்சல்.

"ஆத்து மணலு சார். இந்த மாதிரி சரக்கு இப்ப எங்க கெடைக்குது? எல்லாம் எம்-சாண்டுதான்" என்று கொத்தனார் பெருமூச்சு விட்டார். என்னவோ என் சுவருக்குள் சந்தனக்கட்டை அகப்பட்ட மாதிரி.

அது வெறும் ஆற்று மணல் இல்லை நண்பரே. எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் மணல். அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அதற்கு முன்னால் ஆற்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் நெருப்பு ஊர். சாமியே நெருப்பு. திருவண்ணாமலைக்காரனுக்கு மலை தெரியும், குளம் தெரியும், முனிசிபாலிட்டிக் குழாயில் வருகிற காற்றின் சத்தம் தெரியும். ஆறு தெரியாது. துரிஞ்சலாறு என்று ஒன்று பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. மழை பெய்த மறுநாள் அது ஆறு. மற்ற நாட்களில் ஆடு மேய்கிற இடம். பெரிய ஆறு என்றால் தெற்கே தென்பெண்ணைதான். நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாக இறங்கி, சாத்தனூர் அணையில் கொஞ்சம் இளைப்பாறி, மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் என்று நடந்து கடலூரில் கடலில் விழுகிறது. இவ்வளவும் நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. ஐப்பசி மாதத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று மட்டும் பாடத்தில் இல்லை.

நேரில் பார்க்காமலும் இல்லை. தை மாதம் எங்கள் சாமி தீர்த்தவாரிக்கு அந்த ஆற்றுக்குப் போவார். நாங்களும் பஸ் பிடித்துப் பின்னாலேயே போவோம். கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியில் கால் விரலை எண்ணலாம். முழுக்குப் போட வேண்டுமென்றால் படுத்துப் புரள வேண்டும். பிறகு மணலில் வட்டமாக உட்கார்ந்து புளிச்சோறு. இதை வைத்துக்கொண்டு பெண்ணையாறு பரம சாது என்று எங்கள் குடும்பம் முடிவு கட்டியிருந்தது. ஒரு போலீஸ்காரரைக் கல்யாண வீட்டில் மட்டும் பார்த்துவிட்டு, தங்கமான மனுஷன் என்று சொல்வதைப்போல.

அடுத்த தவறு, மாப்பிள்ளை வீடு பார்க்கச் சித்திரையில் போனது. மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயம் அது. ஊர், மணலூர்ப்பேட்டைக்கு மேற்கே, ஆற்றுக்கு அக்கரையில். பாலம் கிடையாது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டது? மாப்பிள்ளை வீட்டு டிராக்டரில் ஏறி, தேர்வீதியில் போவதுபோல ஆற்றின் நடுவிலேயே போனோம். இரண்டு பக்கமும் மணலில் குழி பறித்து எரு போட்டு வெள்ளரியும் முலாம்பழமும் வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் பெண்கள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா டிராக்டரை நிறுத்தச் சொல்லி ஒரு கை வாங்கிக் குடித்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. வாயைத் துடைத்துக்கொண்டு, "எளநி மாதிரி கீது" என்றார். குழாயடிச் சண்டையில் வளர்ந்த தன் பெண் இங்கே கொட்டாங்குச்சியோடு வந்து உட்கார்ந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சம்பந்தம் முடிந்துவிட்டது.

பேருக்கு ஒரு கேள்வி கேட்டார். "மழக்காலத்துல தண்ணி வருங்களா?"

"வரும் சம்மந்தி. பத்து நாளு போவும். அப்புறம் ரோடுதான்."

ஆவணியில் கல்யாணம். மறுவீடு வந்து போனதோடு அக்காவை நாங்கள் பார்க்கவில்லை. அந்த ஊர் ஆற்று மணலில் நின்றால் வடக்கே எங்கள் மலை நீலமாக, கவிழ்த்து வைத்த தட்டுக்கூடை மாதிரி தெரியும். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அக்காவைக் கட்டிய மாமா அப்போதே சொல்லியிருக்கிறார், "மலையே பாத்துனு நின்னா ஊத்து ரொம்பி வழியுது பாரு" என்று.

இந்த நிலையில் தலை தீபாவளி வந்தது.

எனக்கு அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை, சேர்ந்து சில மாதம்தான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கார்பன் தாள் வைத்து ஓர் எச்சரிக்கை அடித்துக் கொடுத்தேன். அணை திறக்கப்படுவதால் பெண்ணையாற்றின் இரு கரையிலும் உள்ள பொதுமக்கள் பாதுகாப்பாக இருக்கவும், ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று. ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்ததற்கு மேலாளர் பாராட்டினார். அந்தப் பெருமையிலேயே இருந்துவிட்டேன். பொதுமக்கள் என்பது ஏதோ வெளியூர்க்காரர்கள் என்று நினைப்பு.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் அப்பாவும் நானும் அக்காவையும் மாமாவையும் அழைத்துவரக் கிளம்பினோம். ஒரு பையில் அதிரசம், இன்னொரு பையில் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, அக்காவுக்குப் புடவை. கிளிப்பச்சையில் அரக்குக் கரை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தபோதே அக்கா அந்த நிறத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "தலை தீபாவளிக்கு எடுத்துக்கலாம்மா" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. அதனாலேயே இது பெரிய வாக்கு.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு சத்தம்.

"என்னடா, ரைஸ் மில்லு கீதா இங்க?" என்றார் அப்பா.

ஆறு. கரையேறிப் பார்த்தால், டிராக்டரில் போன வீதி, வெள்ளரிக் குழி, ஊற்று எல்லாவற்றின் மேலும் செம்மண் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழுத் தென்னை மரம் அவசர வேலையாகப் போவதுபோலப் போயிற்று. கிழக்கே தரைப்பாலத்தின் மேலும் தண்ணீர் என்றார்கள். நான் அடித்த எச்சரிக்கையின் வாசகம் வரிவரியாக ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்த இடத்தில் ஆறு கொஞ்சம் இடுப்பை ஒடுக்கியிருக்கும். அதனால் எதிர்க்கரையில் நிற்பவர்கள் தெரிந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் புடவையில் அக்கா, பக்கத்தில் மாமா, காலடியில் ஒரு சூட்கேஸ். பொழுது விடிந்ததிலிருந்து அப்படியே நிற்கிறார்களாம்.

இதைச் சொன்னது அஞ்சலை. எங்கள் கரையில் டீக்கடை வைத்திருந்த அம்மாள். வெள்ளக்காலத்தில் அவர்தான் இரண்டு கரைக்கும் டெலிபோன். கையைக் குவித்து, கடைசி எழுத்தை இழுத்து, ஒவ்வொரு சொல்லாக அனுப்புவார். ஒரு சொல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது. அக்கரையில் அவருடைய அண்ணன் வாங்கி, பதில் அனுப்புவார். இதில் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு என்பது இரண்டு கரைக்கும் பொதுச்சொத்து.

"என்னா சொல்லணும், சொல்லுங்க" என்றார் அஞ்சலை. அப்பா வெகுநேரம் யோசித்தார். இரண்டு கரையும் காத்திருந்தது.

"சாப்ட்டாளான்னு கேளும்மா."

"இத்தினி தூரம் வந்து இதானா?" என்று முணுமுணுத்துவிட்டு அனுப்பினார். பதில் வந்தது. சாப்பிட்டாளாம், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாளாம். எங்கள் வம்சமே இப்படித்தான். ஒரு பிரளயத்தின் நடுவிலும் எங்களுக்குக் கேட்க வேறு கேள்வி கிடைக்காது.

தண்ணீர் எப்போது வடியும் என்று நான் கேட்டேன். "மேல மழ நிக்கணும், டேம மூடணும். அதெல்லாம் நம்ம கையிலயா கீது?" என்றார் அஞ்சலை. டேமைத் திறப்பதைப் பற்றி அடித்த கை என்னிடம் இருந்தது. மூடச்சொல்லி அடிக்க யாரும் என்னிடம் தாள் கொடுக்கவில்லை.

அப்பா பையைப் பிரித்தார். புடவையை எடுத்து மடிப்பை உதறினார்.

"அந்தத் தலப்பப் புடிடா."

கரைமேல் அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. புடவையை நீளத்துக்கும் விரித்துப் பிடித்தோம். காற்றில் அது பாய்மரம் மாதிரி உப்பி என்னை நாலடி இழுத்துக்கொண்டு போனது. துணி விற்க வந்தவர்கள் என்று நினைத்து ஒருவர் விலைகூடக் கேட்டார். எதிரே அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். பிறகு அந்தக் கைகளாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

"கலரு சூப்பரா கீதாம். பொண்ணு அழுவுது" என்றார் அஞ்சலை, இரண்டையும் ஒரே மூச்சில்.

மாமாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. சட்டையைக் கழற்றினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். ஆற்றோரத்தில் பிறந்தவர், நீந்தத் தெரிந்தவர். இக்கரை வந்து, அந்தப் புடவையை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு திரும்பிப் போவது என்று திட்டம். முழங்கால், இடுப்பு, மார்பு. அதற்கு அடுத்த அடி வைக்க ஆறு விடவில்லை. தலை ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது.

"டேய், ஏர்றா மேல!"

யார் கத்தினது என்று நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா. பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அந்தக் குரல், அஞ்சலை இல்லாமல், ஒரே வீச்சில் அக்கரைக்குப் போயிற்று. அங்கிருந்தவர்கள் குதித்து மாமாவின் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அக்கா அவர் முதுகில் அடித்தாள்; அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

என் கையிலிருந்த முனை எப்போதோ நழுவிச் சேற்றில் கிடந்தது. அப்பா குனிந்து எடுத்தார். மடிக்கப் பார்த்தார். மடிப்பு வரவில்லை. சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

அஞ்சலை பக்கத்தில் வந்தார். "ஏன் மாமனாரே, மருமவப்புள்ளய டா போட்டுட்டீங்களே. தலை தீபாளியும் அதுவுமா கோச்சிக்கப் போறாரு. மன்னிச்சிக்கச் சொல்லி ஒரு கொரலு குடுக்கட்டா?"

"குடும்மா" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதில் வந்தது. "கோவம் இல்லியாம். மாமனாருக்குக் கொரலு கீதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம்."

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். அதிரசத்தில் பாதியை வழியிலேயே நான் தின்றுவிட்டேன். துக்கத்தில் எனக்குப் பசி ஜாஸ்தி. மறுநாள் மாப்பிள்ளைக்குக் காய்ச்சி வைத்த எண்ணெயை அம்மா என் தலையில் வைத்தாள், வைத்த வேகத்தில் கொஞ்சம் கோபமும் இருந்தது. பத்து நாள் என்று சம்பந்தி சொன்ன தண்ணீர் கார்த்திகை வரை போனது. பிறகு ஒருநாள் அக்காவும் மாமாவும் வந்தார்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமையில் நாங்கள் வெடி வெடித்தோம். தெருவே வெளியே வந்து, ஏதாவது எலெக்‌ஷன் ரிசல்ட்டா என்று கேட்டது. அக்கா பச்சைப் புடவை கட்டியிருந்தாள். முந்தானையில் சேற்றுக்கறை. அம்மா எவ்வளவு கசக்கியும் போகவில்லை.

பாலம் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் மனுமேல் மனு கொடுத்தார்கள். ஒரு மனு எங்கள் அலுவலகத்துக்கே வந்து, என் மேஜையைக் கடந்து போயிற்று. வாசித்துப் பார்த்தேன். அதில் ஒற்றுப்பிழை இருந்தது. அதைத் திருத்தினேன். என்னால் ஆனது அது.

பாலம் வருவதற்கு முன்னால் மணல் அள்ள லாரி வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசையாக. மாமாவும் நாலு பேரும் ஒருநாள் குறுக்கே போய் நின்றார்கள். லாரி நின்றது. இவர்கள் சாப்பிடப் போனதும் புறப்பட்டது. கொட்டாங்குச்சிக்கு எட்டிய ஊற்று முழங்கை ஆழத்துக்குப் போனது. பிறகு ஆள் உள்ளே இறங்கி மொள்ள வேண்டியிருந்தது. பிறகு தோண்டினால் களிமண். வெள்ளரிக் குழி பறிக்க மணல் இல்லை. கிணறுகளும் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன.

அந்த வருஷங்களில்தான் நான் வேங்கிக்காலில் வீடு கட்டினேன். புது வீடுகளாக முளைத்த இடம். எல்லார் வாசலிலும் ஈரம் சொட்டச் சொட்ட மணல் குவிந்திருக்கும். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த அக்கா, குவியலில் கை விட்டு அள்ளினாள். விரல் இடுக்கில் ஒரு கிளிஞ்சல் நின்றது.

"இது எங்க ஊத்தாண்ட அள்ளினதுடா. இந்தச் சின்னக் கிளிஞ்சலு அங்கதான் கெடைக்கும்" என்றாள். கோபமில்லை. குவியலின் மேல் ஏறி உட்கார்ந்து காபி கேட்டாள்.

பாலமும் ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். அப்பாவுக்கு அப்போது கையில் தடி வந்துவிட்டது. பார்க்க வேண்டும் என்றார். நடுப்பாலத்தில் ஆட்டோவை நிறுத்தி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தண்ணீர் இல்லை, மணல் இல்லை. தூண்களின் அடிப்பாகம் வெளியே தெரிய, சுற்றிலும் சீமைக்கருவேலம். மாமா பக்கத்தில் வந்து சட்டைப் பித்தானில் கை வைத்தார்.

"எறங்கட்டுமா மாமா?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். பிறகு வழக்கமான அந்தக் குரலில், பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"எறங்குங்க மாப்ள. காலு கூட நனையாது."

இப்போது அப்பா இல்லை. அக்காவும் மாமாவும் மகனோடு ஓசூரில் இருக்கிறார்கள். கொத்தனார் கலவை போட்டுக்கொண்டிருக்கையில் அக்காவுக்குப் போன் செய்து, உங்கள் ஆறு எங்கள் சுவருக்குள் இருக்கிறது என்றேன்.

"தண்ணி வருதாடா?" என்றாள்.

"வருதுக்கா. அத நிறுத்தத்தான் ஆளு வந்துகீது."

சிரித்தாள். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நானும் கேட்டேன். நடுவில் எந்த இரைச்சலும் இல்லாமல் அவள் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. வேறென்ன கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு, கிளிஞ்சலை எடுத்து வைக்கலாம் என்று போனேன். கொத்தனார் உதிர்ந்ததையெல்லாம் வாரிக் கலவையோடு கலந்து பூசி முடித்து, கரணையால் வழித்துக்கொண்டிருந்தார்.