பானெட்டில் எட்டு விரல்கள்

முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இப்போது நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

திருவேற்காட்டில் எங்கள் அடுக்ககத்தில் இடம் குறைவு, கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவோம். அதனால் ஹேண்ட்பிரேக் போடாமல் நியூட்ரலில் விட வேண்டும், உள்ளே மாட்டிக்கொண்டவர் முன்னால் நிற்பதைத் தள்ளி வழி செய்துகொள்வார். கீழ்வீட்டு ஆரோக்கியசாமி ஒருமுறை என் காரை அப்படித் தள்ளியபோது தூணில் இடித்து பம்பரில் கீறல் விழுந்தது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷினுக்கு வலது கையில் இரண்டு விரலைக் கொடுத்தவர், பிடி நழுவிவிட்டது என்றார். மன்னிப்பும் கேட்டார். ஒரு வருடம் அவரோடு நான் பேசவில்லை.

ஒரு காலை அவர் என் கதவைத் தட்டினார்.

“சார், வண்டி பேட்டரி டவுன் ஆயிட்ச்சு. ஸ்டெல்லா மூச்சு வுட முடியாம கீது சார். உங்ககிட்ட ஜம்பர் கேபிள் கீதுல்ல? ரெண்டே நிமிஷம்.”

கேபிள் என் டிக்கியில் இருந்தது. “இல்லை” என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி வசந்தா, “டிக்கியிலதான இருக்கு, குடுங்க” என்றாள். அவர் காதிலும் அது விழுந்தது. நான் கதவைச் சாத்தினேன். ஆட்டோவில் கொண்டுபோனார்கள், குமணன்சாவடி நெரிசலிலேயே அவர் மனைவி ஸ்டெல்லா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்தவர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். “உனுக்கும் ஒரு நாள் வரும் சார். அன்னிக்கு நான் பாத்துக்கறேன்.” குரலைக்கூட உயர்த்தவில்லை. ஏழு மாதத்தில் அவரும் இறந்தார்.

போன வருடம் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி, சுள்ளென்று வெயில். வசந்தாவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். அவளைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டிக், டிக். அவ்வளவுதான். பேட்டரி மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டெர்மினலை இறுக்கினேன். மேல்வீட்டு கார்த்திக் தன் காரைக் கொண்டுவர, அதே கேபிளை எடுத்து முறைப்படி மாட்டினேன். டிக், டிக்.

“அங்கிள், தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். செகண்ட் கியர் போட்டு கிளட்ச்ச மிதிச்சுக்கோங்க” என்றான் கார்த்திக். கேபிளைக் கழற்றி, பானெட்டை மூடி, அவன் காரை ஓரம் கட்டினோம். அவனும் வாசலில் இஸ்திரி போடும் மணியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். தினமும் ஒற்றை ஆள் தள்ளும் கார், அசையவில்லை.

“இன்னா சார், ஆண்ட்பிரேக்க போட்டுகினு எங்கள தள்ளச் சொல்றியா?” என்றார் மணி.

போடவில்லை. சமதரை, சக்கரத்துக்குக் கல்லும் இல்லை. அவர்கள் முக்கித் தள்ளத் தள்ள, நம்புங்கள், கார் அரை அடி பின்னால் போனது. மணி “ஐயோ, காலு!” என்று குதித்தார்.

அப்போது வசந்தா கேட்டாள். “ஆரோக்கியசாமி அண்ணன் ஏங்க முன்னாடி நின்னுக்கிட்டு தள்றாரு? வழிவிடச் சொல்லுங்க.”

கண்ணாடிக்கு முன்னால் வெயில்தான் இருந்தது.

கார்த்திக் ஓடிப்போய்த் தன் காரில் சாவியைத் திருப்பினான், அதுவும் டிக், டிக். ஆட்டோ பிடித்தோம். அவளும் குமணன்சாவடியைத் தாண்டவில்லை. கேபிளைக் கொடுக்கச் சொன்னவள் அவள்தான், அவர் அதைத் தன் காதாலேயே கேட்டார். என்னை எடுத்திருக்கலாம்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். பானெட் தூசியில் அழுத்திப் பதித்த இரண்டு உள்ளங்கைகள், விரல்கள் என் இருக்கையைப் பார்த்து நீட்டியிருந்தன. வலது கையில் மூன்றே விரல். சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே கிளம்பியது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தும் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

அன்றே கழுவிவிட்டேன். அதன்பின் காய்கறிக்கும் வங்கிக்கும் நன்றாகத்தான் ஓடியது. இந்த வாரம் எனக்கு இடது தோளில் வலி தொடங்கியிருக்கிறது. நேற்றுக் காலை கீழே இறங்கினேன். பானெட்டில் மறுபடி எட்டு விரல்கள்.

துடைக்கவில்லை. சாவியையும் போட்டுப் பார்க்கவில்லை.